வெட்டவெளியில் தோசைக்கல்



விடுமுறை நாட்களில் சாரணர் முகாமுக்கும், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கும் செல்கின்ற உங்களில் பலர் ஓர் உண்மையை அறிந்திருப்பீர்கள். சமையல் என்பது எவரோ செய்து வைக்க நாம் உண்பது என்ற எண்ணம், முகாமின் முதல் நாள் மாலையிலேயே மறைந்து போகிறது. முப்பது பேர் பசியோடு நிற்கின்றனர். காற்று வீசுகிறது. விறகு புகைகிறது. ஊற்றிய மாவு கல்லைப் பற்றிக்கொண்டு வர மறுக்கிறது. அந்த நேரத்தில் உங்களுக்குப் பயன்படக்கூடிய சில செய்திகளையே இன்று கூற விழைகிறேன். திறந்த வெளியில் தோசைக்கல்லை வைத்துச் சமைப்பதற்கு வேண்டிய கருவிகள் யாவை, அவற்றைப் பேணுவது எவ்வாறு என்பதே பொருள்.

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வானொலியில் தோசைக்கல்லைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். இயற்பியலும் வேதியியலும் இவ்வளவு நெருங்கி நின்று வேலை செய்யும் இடத்தை ஆய்வுக்கூடத்திற்கு வெளியே நான் அதிகம் கண்டதில்லை. மேலும், மாலை நேரத்தில் நம் ஊர்த் தெருக்களில் எத்தனையோ குடும்பங்களின் அடுத்த நாள் உணவு, ஒரே ஓர் இரும்புக் கல்லை நம்பி இருக்கிறது.

கல் என்கிறோம், ஆனால் அது இரும்பு. மாக்கல்லில் செதுக்கிய தோசைக்கல்லும் இன்று விற்கிறது என்றாலும், பெரும்பாலோர் வீட்டில் உள்ளது இரும்பே. அந்த இரும்பிலும் இருவகை உண்டு. ஒன்று, உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பிரும்பு. மற்றொன்று, தகடாக உருட்டி வெட்டியது. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கரி கலந்திருக்கும். அந்தக் கரி, பென்சிலின் உள்ளே இருக்கும் கிராபைட்டாக, மெல்லிய செதில்கள் போல் இரும்பினூடே பரவி நிற்கும். ஆதலால் வார்ப்பிரும்பு கடினமானது. ஆனால் நொறுங்கும் இயல்புடையது. கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் மட்பாண்டம் போல உடைந்து விடுவதும் உண்டு. இரும்புத் தகடு அவ்வாறு உடையாது. ஆனால் மெல்லியதாக இருந்தால் நெருப்பின் மேல் நெளிந்துவிடும். நெளிந்த தகட்டில் எண்ணெய் ஒரு பக்கம் குளமாகத் தேங்க, மறுபக்கம் தோசை கருகும்.

முகாமுக்கு எதை எடுத்துச் செல்வது? இதற்கு விடை கூறும் முன் ஒரு சிறு கணக்குப் போடுவோம். முப்பது மாணவர், ஆளுக்கு மூன்று தோசை, ஆக 90. ஒரு தோசைக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், வட்டமான ஒற்றைக் கல்லில் 180 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம் ஆகும். முதல் மாணவன் உண்டு உறங்கிய பின்னர்தான் கடைசி மாணவனுக்கு உணவு கிடைக்கும். நான்கு தோசை ஒருங்கே வார்க்கக்கூடிய நீண்ட சதுரத் தகடு ஒன்று இருந்தால் அதே வேலை முக்கால் மணியில் முடியும். ஆகவே, பலருக்குச் சமைக்கும்போது விரற்கனத்திற்குச் சற்றுக் குறைந்த, கனமான நீள்தகடே ஏற்றது. நான்கைந்து பேர் கொண்ட சிறு குழு மலையேறச் செல்வதாயின், வீட்டிலுள்ள சிறு வார்ப்பிரும்புக் கல்லே போதும். ஆனால் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும். ஒட்டாத பூச்சுப் பூசிய நவீனக் கல்லை விறகு அடுப்புக்குக் கொண்டு வராதீர்கள். அந்தப் பூச்சு 260 பாகைக்கு மேல் சிதையத் தொடங்கும். விறகு நெருப்போ அந்த எல்லையைக் கேட்டு நிற்பதில்லை.

நன்கு பழகிய இரும்புக் கல் கருமையாக, மெல்லிய பளபளப்போடு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பலர் அதைக் கரி என்றும் அழுக்கு என்றும் எண்ணுகின்றனர். அது இரண்டும் அன்று. எண்ணெயை மிக மெல்லியதாக இரும்பின்மீது பூசிச் சூடேற்றும்போது, காற்றிலுள்ள உயிர்வளியின் துணையால் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, நீரிலும் எண்ணெயிலும் கரையாத ஒரு தோலாக இறுகி விடுகின்றன. ஓவியர் தம் வண்ணத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாவதும் இந்த முறையால்தான். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இதற்கு நன்கு உதவும். தேங்காயெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு ஆகையால், அதன் மூலக்கூறுகள் எளிதில் கைகோப்பதில்லை. கல்லின் கருமை இவ்வாறு நாள்தோறும் சேர்ந்த தோல். சங்கப் பாட்டாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அப்பம் சுடும் வணிகரைக் குறிக்கும்போது, அவர்தம் அகலின் கருமையையும் மறவாமல் குறித்துள்ளார். அடுப்படியைக் கூர்ந்து நோக்கிய புலவர் அவர்.

இந்தத் தோலின் அருமையை நான் புத்தகத்தில் கற்கவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் பின்புறம் ஓர் அம்மையார் மாலைதோறும் தட்டுக்கடை வைத்திருந்தார். தோசையும் முட்டைத் தோசையும் போடுவார். இரண்டடி அகலமுள்ள வார்ப்பிரும்புக் கல். இருபது ஆண்டுகள் பழகியது. என் பள்ளியின் விடுதி மாணவர் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு உணவு அங்கேதான். ஒரு நாள் இரவு, கடை கட்டும் நேரத்தில், புதிதாக வேலைக்கு வந்திருந்த பையன், கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், நெருப்பை விட்டு இறக்காத அந்தக் கல்லின்மீது ஒரு குடம் பச்சைத் தண்ணீரைக் கவிழ்த்து விட்டான். மணி அடித்தாற்போல் ஓர் ஓசை கேட்டது. விளிம்பிலிருந்து நடுவரை ஒரு சாண் நீளத்திற்கு வெடிப்பு ஓடிவிட்டது.

நடந்தது என்ன? சூட்டினால் விரிந்து நின்ற இரும்பின் ஒரு பகுதி, தண்ணீர் பட்டவுடன் சுருங்க முயன்றது. பக்கத்துப் பகுதியோ இன்னும் விரிந்தே நின்றது. வளைந்து கொடுக்கத் தெரியாத வார்ப்பிரும்பு, இந்த இழுபறியில் பிளந்தது. பாடத்தில் இது இரண்டு வரி. அந்த அம்மையாருக்கோ கடை ஐந்து நாள் மூடிக் கிடந்தது. தண்டல்காரர் மட்டும் ஐந்து நாளும் தவறாமல் வந்தார். புதுக் கல்லை வாங்கப் பணம் புரட்டுவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. மிச்ச நாட்கள் அதைப் பழக்குவதில் கழிந்தன. பையனை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. அவனையே அருகில் உட்கார வைத்து அந்த வேலையைச் செய்வித்தார். ஓய்வாக இருந்தமையால் நானும் போய் அமர்ந்து பார்த்தேன்.

அரிசி களைந்த கழுநீரில் கல்லை இரண்டு நாள் ஊற வைத்தனர். புளித்துவரும் கழுநீரின் மென்மையான அமிலம், துருவையும் பட்டறை அழுக்கையும் இளக்கும். பிறகு தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நெருப்பில் காட்டி, ஈரம் ஒரு துளியும் இல்லாமல் உலர்த்தினர். அதன்பின் நல்லெண்ணெய். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். எண்ணெயைத் தாராளமாகப் பூசினால் அது இறுகாமல் பிசின்போல் ஒட்டும். அந்த அம்மையார் எண்ணெயைத் தடவிய உடனே, வேறொரு துணியால், எண்ணெயே இல்லையோ என்று ஐயுறும் அளவுக்குத் துடைத்தெடுக்கச் செய்தார். பின்னர் சிறுதீயில் புகை எழுந்து அடங்கும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மீண்டும் பூசி, மீண்டும் துடைத்து, மீண்டும் காய்ச்சி, இப்படிப் பல முறை. சாம்பல் நிறமாக இருந்த கல், பழுப்பாகி, பின்னர் கருக்கத் தொடங்கியது. இறுதியில் வெங்காயத்தைப் போட்டு வதக்கி எறிந்தார். ஆறாம் நாள் மாலை வார்த்த முதல் தோசைகள் பிய்ந்துதான் வந்தன. அவற்றை அவரும் பையனும் உண்டனர், வந்தவர்க்கு விற்கவில்லை.

உங்களில் கூர்மையான ஒருவர் இப்போது ஒரு வினா எழுப்பக் கூடும். “ஐயா, உணவு விடுதிகளில் ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் சூடான கல்லில் தண்ணீர் தெளிக்கிறார்களே; அந்தக் கல் ஏன் வெடிப்பதில்லை?” நல்ல வினா. தெளிப்பது ஒரு கை நீர். அது கல்லின் மேற்பரப்பு முழுவதும் சிதறி, நொடியில் ஆவியாகிறது. ஒரு கிராம் கொதிநீர் ஆவியாவதற்கு 540 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே சிறிதளவு நீரே மேற்பரப்பின் மிகைச்சூட்டைத் தணித்துவிடும். கல்லின் உள்ளுடம்பு வெப்பமாகவே இருக்கும். குடத்து நீர் அப்படியன்று. ஓரிடத்தில் தேங்கி, அந்த இடத்தை அடிவரை குளிர்விக்கிறது. மேலும் விடுதிகளில் இருப்பவை பெரும்பாலும் கனத்த எஃகுத் தகடுகள். அவை வார்ப்பிரும்பைப் போல் எளிதில் பிளப்பதில்லை.

தெளிக்கும் நீரே வெப்பமானியாகவும் பயன்படுகிறது. துளி கல்லில் அமர்ந்து சோம்பலாகக் கொதித்தால் சூடு போதவில்லை. ‘சொய்’ என்ற ஓசையோடு உடனே மறைந்தால் மாவு ஊற்றலாம். துளி மறையாமல் முத்துப்போல் உருண்டு ஓடினால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். துளிக்கும் கல்லுக்கும் இடையே அதன் ஆவியே மெத்தையாகி அதைத் தாங்கிக்கொள்கிறது. ஏறத்தாழ 200 பாகையில் இது நிகழும். ஜெர்மானிய மருத்துவர் லைடன்பிராஸ்ட் என்பவர் செஞ்சூடாகக் காய்ந்த இரும்புக் கரண்டியில் நீர்த்துளியை விட்டு இதை ஆராய்ந்து 1756ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். அத்தகைய சூட்டில் மாவை ஊற்றினால், அது பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். அப்போது ஒரு கை நீரைத் தெளித்து ஈர்க்கு விளக்குமாற்றால் வழித்துவிட்டு வார்க்க வேண்டும்.

இனி கருவிகள். அதிகம் வேண்டியதில்லை. தோசைத் திருப்பி இரண்டு. பழைய நூல்கள் இதைச் சட்டுவம் என்னும். அதன் விளிம்பு நேராகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். ஆனால் முனைகள் கூராக இருந்தால் கல்லின் தோலைக் கீறும். அரத்தால் முனைகளைச் சற்றே மழுக்கிக்கொள்வது நலம். பச்சை முட்டை பட்ட திருப்பியால் வெந்த தோசையைத் தொடாதிருக்கவே இரண்டு என்றேன். கொத்துப் பரோட்டா போடுவோர் கையிலிருக்கும் தகடுகளின் தாளத்தைக் கேட்டு நீங்களும் முயலலாம் என்று எண்ண வேண்டா. அந்தக் கொத்தலைத் தாங்குவது கனத்த எஃகுத் தகடு. உங்கள் வார்ப்பிரும்புக் கல் அதற்கு உரியதன்று. அடிதட்டையான மாவுக் கரண்டி ஒன்று வேண்டும். எண்ணெய் தடவப் பாதியாக வெட்டிய வெங்காயமே போதும்; அல்லது பருத்தித் துணியைச் சிறு பந்தாக முடிந்து குச்சியில் கட்டிக்கொள்ளலாம். நைலான் கலந்த துணி உருகி ஒட்டிவிடும். தென்னை ஈர்க்கில் கட்டிய சிறு விளக்குமாறு ஒன்று. அது சமையலுக்கே உரியதாக இருக்கட்டும். கல்லை இறக்க நீண்ட இடுக்கி. அல்லது நாலாக மடித்த உலர்ந்த சாக்குத் துணி. ஈரத் துணியால் மட்டும் சூடான இரும்பைப் பற்றாதீர்கள். ஈரம் வெப்பத்தை விரைந்து கடத்தும்; அது ஆவியாகிக் கையையும் வேகவைக்கும். ஒரு வாளி நீரும் ஒரு வாளி மணலும் அடுப்பருகே எப்போதும் இருக்க வேண்டும்.

அடுப்பை அமைக்கையில் காற்று வரும் பக்கத்தை முதலில் பாருங்கள். அந்தப் பக்கத்தில் தகரமோ செங்கல் சுவரோ தடுப்பாக நிற்க வேண்டும்; இல்லையேல் நெருப்பு ஒருபுறமே சாய்ந்து, கல்லின் பாதி கொதிக்க, பாதி குளிர்ந்திருக்கும். செங்கல்லையே பயன்படுத்துங்கள். ஆற்றிலிருந்து எடுத்த ஈரக் கற்களின் உள்ளே நீர் தங்கியிருந்தால், சூட்டில் அவை வெடித்துச் சிதறக் கூடும். கல்லை அடுப்பில் ஏற்றியபின் நடுவே சில துளி எண்ணெய் விட்டு, அது எப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, மட்டம் சரிசெய்துகொள்ளுங்கள். சவுக்கும் வேலிக்கருவேலும் நல்ல தணல் தரும். கொட்டாங்கச்சி விரைந்து எரிந்து அடங்கும். சூடு குறையும்போது இரண்டு போட்டால் போதும். அரளிக் குச்சியை எக்காரணம் கொண்டும் விறகாக்காதீர்கள்; அதன் புகையும் நஞ்சு.

சுடரை விடத் தணலே தோசைக்கு ஏற்றது. இரும்பு, வெப்பத்தை மெல்லப் பரப்பும் பொருள். அலுமினியம் கடத்துவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வார்ப்பிரும்பு கடத்தும். எனவே அவசரப்பட்டுப் பெருநெருப்பு மூட்டினால் நடுப்பகுதி கருகும்; ஓரம் பச்சையாக இருக்கும். பத்து நிமிடம் பொறுத்துச் சிறுதீயில் காயவிட்டு, தணலை ஓரங்களுக்கும் தள்ளிவிடுங்கள். மெல்லச் சூடேறும் அதே கல், கனத்தின் காரணமாகச் சூட்டை எளிதில் இழப்பதும் இல்லை. குளிர்ந்த மாவு பட்டாலும் தளராமல் நிற்பது அதனால்தான். தெருவோரக் கடைகள் பல இப்போது எரிவாயுவுக்கு மாறிவிட்டன. நீங்களும் அவ்வாறு செய்தால், உருளையை நிமிர்த்தி, அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, குழாயின் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பின்பே பற்றவையுங்கள்.

எண்ணெய் தீப்பற்றிக்கொண்டால் நீரை ஊற்றலாகாது. கொதிக்கும் எண்ணெயில் விழுந்த நீர், நொடியில் 1600 மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசும். மணலைப் போடுங்கள், அல்லது மூடியால் மூடுங்கள். கையில் சூடு பட்டுவிட்டால், ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பற்பசை, மை, எண்ணெய், பனிக்கட்டி, இவற்றில் எதுவும் வேண்டா. எஞ்சிய தணலைக் குளிருக்கு இதமாக இருக்கும் என்று கூடாரத்திற்குள் கொண்டு செல்வது உயிருக்கே கேடு. மணமும் நிறமும் இல்லாத கரியோரக வாயு, உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

சமையல் முடிந்தபின் செய்ய வேண்டியது சிறிது நேர வேலைதான். ஆயினும் களைப்பினால் பலரும் விட்டுவிடுவது அதைத்தான். கல் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். ஒட்டியதைத் திருப்பியால் மெல்லச் சுரண்டி, கல்லுப்பும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்து, வெதுவெதுப்பான நீரால் கழுவுங்கள். சோப்பே கூடாது என்று பழையவர் கூறுவர். காரம் மிகுந்த சோப்பு வழங்கிய காலத்தில் அது பொருத்தமே. இன்றைய பாத்திர சோப்பைச் சிறிதளவு பயன்படுத்தினால் இறுகிய தோல் கழன்றுவிடாது. ஊற வைப்பதுதான் கேடு. புளிக்குழம்பையும் தக்காளியையும் அந்தக் கல்லில் நெடுநேரம் வேகவைப்பதும் கேடே. அமிலம் தோலைத் தின்னும். உப்பால் தேய்த்தபின் உப்பு எஞ்சாமல் கழுவுவது மிக முக்கியம். நீரும் காற்றும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குவதை உப்பு விரைவுபடுத்தும். இராமேசுவரம் போன்ற கடற்கரை ஊரில் முகாமிட்டால், ஓரிரவில் கல் செம்மை பூத்திருப்பதைக் காண்பீர்கள். கழுவியபின் துணியால் துடைத்தால் மட்டும் போதாது. எஞ்சிய தணலின்மேல் ஐந்து நிமிடம் வைத்து உலர்த்தி, சூடு இருக்கும்போதே ஒரு துளி எண்ணெயைத் தடவித் துடைத்துவிட வேண்டும். பழைய செய்தித்தாளிலும் சாக்கிலும் சுற்றி, தரையில் படாமல் வையுங்கள். நெகிழிப் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுத் துரு ஏறும்.

பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் பாட்டியின் கல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கலாம். வெடிப்பு இல்லையானால் அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. விரலால் தூக்கிப் பிடித்து, கரண்டிக்காம்பால் தட்டிப் பாருங்கள். தெளிவாக ஒலித்தால் கல் நன்றாகவே இருக்கிறது. மந்தமாக அதிர்ந்தால் எங்கோ வெடிப்பு ஓடியிருக்கிறது. நல்ல கல்லாயின், கரைத்த புளியைத் துருவின்மீது தடவி அரைமணி நேரம் விட்டு, செங்கற்பொடியால் தேயுங்கள். முன்னே தோலைத் தின்னும் என்று நான் விலக்கிய அமிலம், இங்கே துருவைத் தின்ன உதவும். சாம்பல்நிற இரும்பு தெரிந்தவுடன் கழுவி உலர்த்தி, எண்ணெய் பூசுவதைத் தொடங்கலாம். ஒரு சனிக்கிழமை முற்பகல் போதும். மாலையில் முதலில் பெரிய வெங்காயம் ஒன்றை வதக்குங்கள். அதன்பிறகு மாவை ஊற்றுங்கள்.